‘அன்பே உருவானவர்’ என்று எழுதும் முன்

பாட்டியைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னால் பேனா தானாக ஓடும். அன்பே உருவானவர், இறைபக்தி மிக்கவர், குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிக்கொண்டவர், கேட்டவர்க்கெல்லாம் இல்லையென்று சொல்லாதவர். எல்லாமே உண்மையாக இருக்கலாம். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் அச்சு அசலாகப் பொருந்தும் என்பதுதான் சிக்கல். விடியற்காலை எழுந்ததும் முதலில் எதைக் கையில் எடுப்பார், வழிபாட்டுக் கூடத்தின் சாவி எந்த ஆணியில் தொங்கும், அவருக்கே காய்ச்சல் வந்த வாரம் அந்தப் பொறுப்பை யார் பார்த்தார்கள் என்று எழுதியவரிடமே கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

எழுதத் தெரியாததால் வரும் குறை இல்லை இது. சேகரிக்காமல் உட்கார்வதால் வருவது. கையில் சரக்கு இல்லாத இடத்தில் எல்லாம் ‘தன்னலமற்ற’, ‘ஈடு இணையற்ற’ என்று நிரவிக்கொண்டே போவோம். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி சேகரிப்பைப் பற்றித்தான்.

பாட்டி இருக்கும்போதே தொடங்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு தடவை உட்கார்ந்தால் 40 நிமிடம் போதும். 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு அறையோடு தொடங்கி, சாதாரண மனிதர்களின் பேச்சைப் பதிந்துவரும் ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பும் ஒரு பதிவுக்கு 40 நிமிடம்தான் வைத்தது. எண்பது வயதைத் தாண்டியவருக்கு அதுவே அதிகம். களைத்துப்போனால் பதில்கள் ‘ஆமா’, ‘அதெல்லாம் அப்படித்தான்’ என்று சுருங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறை, ஆறு அல்லது எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இரண்டாம் வாரம்தான் வரும், அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது.

பதிவுக்குக் கையிலிருக்கும் போனே போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும், அது நின்றதும் நமக்குத் தெரியாது. மேசைமேல் நேராக வைத்தால் தம்ளர் வைக்கும் ஓசைகூட இடிபோலப் பதியும். நாலாக மடித்த துண்டின்மேல், அவர் வாயிலிருந்து ஒன்றரைச் சாணுக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். நம் காது அதை மறந்துவிடும், போன் மறக்காது. செயலியில் ‘வேவ்’ (WAV) என்ற, ஒலியைச் சுருக்காத கோப்பு வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சி.டி. தரத்தில் ஒற்றைத் தடமாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி., ஓர் அமர்வுக்கு 200 எம்.பி. சொச்சம். முதல் வரியில் தேதி, இடம், பேசுபவர் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் தன் அடையாளத்தைச் சொல்லும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பாட்டியை ‘நீ’ என்று கூப்பிடுகிறவர்கள் மைக்கைப் பார்த்ததும் ‘நீங்கள்’ என்று மாறிவிடுகிறார்கள். உடனே பாட்டியும் மேடைத் தமிழுக்குத் தாவிவிடுவார். அப்புறம் 40 நிமிடமும் ஆண்டுவிழா உரைதான். எப்போதும் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள்.

‘நினைவிருக்கா?’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். அதற்கு ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மறதி நோய் தொடங்கியவரிடம் அது கேள்வியாகவே படாது, தேர்வாகப் படும், பதறிப்போவார். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். பழைய சாவிக்கொத்து, அவர் பாடும் துதிப்பாட்டின் முதல் அடி, பின்னிப் பாதியில் விட்ட ஊசி நூல். கை தொட்டதும் வாய் திறக்கும். இப்படிப்பட்டவரோடு 20 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், அதுவும் அவர் தெளிவாக இருக்கும் வேளை பார்த்து.

நினைவுக்கு ஒரு கோணல் குணம் உண்டு, தெரிந்துவைத்துக்கொண்டால் கேள்விகளை அதற்கேற்ப அடுக்கலாம். வயதானவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையிலான சங்கதிகளே குவியும். நினைவாற்றலை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. பாட்டி பொதுக் காரியங்களில் முழுமூச்சாக இறங்கியது பெரும்பாலும் பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருக்கும். அந்தக் காலம்தான் பேச்சில் வெளிறிப்போய் வரும். காரணம், ஒரே வேலையை இருபது வருடம் வாராவாரம் செய்தால் ஆயிரம் நாட்களும் உருகி ஒரே நாளாகிவிடும். ‘வாராவாரம் போவோம், பாத்துட்டு வருவோம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

அந்த ஒரு வரியை உடைக்க மூன்று கேள்விகள் உண்டு. முதல் நாள் போனது எப்படி, கூட்டிக்கொண்டு போனது யார்? காரியம் கெட்டுப்போன நாள் எது? போவதை நிறுத்திய நாள் எது, ஏன்? முதலும் கடைசியும் கெட்டதும் தனித்தனி நாட்களாக மனதில் நிற்கும். மற்றவற்றை அவையே இழுத்துக்கொண்டு வரும்.

தேதிகளுக்கு வருவோம். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் தப்பான வருடம்தான் கிடைக்கும். நெடுநாள் முன்பு நடந்ததைக் கிட்டத்தில் நடந்ததுபோல இழுத்துச் சொல்வது மனித மனதின் வழக்கம். பெரிய தாளில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரியுங்கள்: ஆண்டு, வீட்டில் நடந்தது, வழிபாட்டிடத்தில் நடந்தது, வெளியே நடந்தது. பிள்ளைகளின் பிறந்த தேதிகளை முதலில் எழுதுங்கள். சான்றிதழ் உள்ளவை அவைதான். பிறகு எல்லாவற்றையும் அவற்றில் மாட்டுங்கள். ‘அந்தக் கட்டடம் எழும்பும்போது இடுப்பில் யார் இருந்தது?’ என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். உலகமே பேசிய நிகழ்ச்சிகளும் உதவும்: போர் முடிந்த 1945, மனிதன் நிலவில் இறங்கிய 1969 ஜூலை, ஊரடங்கு வந்த 2020.

பக்தியுள்ள பாட்டியிடம் இதைவிட நல்ல கடிகாரம் ஒன்று இருக்கிறது, அவருடைய பண்டிகைகள். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகரும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 33 வருடம். 1950, 1983, 2015 ஆகிய மூன்றிலும் நோன்பு ஜூன் நடுவில் தொடங்கியது. ‘கோடைவிடுமுறை முடிகிற நேரம், நோன்பு ஆரம்பம், நான் நிறைமாசம்’ என்று ஒருவர் சொன்னால், வயதைக் கொண்டு மூன்றில் ஒன்றைப் பிடித்துவிடலாம். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே அலையும். அந்தக் கடைசி எல்லையான ஏப்ரல் 25-ஐ 1943-இல் தொட்டது, அடுத்து 2038-இல்தான் தொடும். தமிழ் வருடப் பெயர் சொன்னால் இன்னும் சுலபம்: விரோதி என்றால் 1949-50 அல்லது 2009-10, இடையில் கிடையாது.

இனி அவருடைய வழிபாட்டுப் புத்தகத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வேதமோ, துதிநூலோ, பாராயணப் புத்தகமோ, எதுவானாலும் சரி. திறக்கும் முன் மூடியபடியே பக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கறுத்திருக்கும். விரல் அதிகம் பட்ட இடம். மேசைமேல் முதுகு படும்படி நிறுத்தி மெல்லக் கைவிட்டால் புத்தகம் தானாக ஒரு பக்கத்தில் விரியும். ‘எனக்கு எல்லாமே பிடிக்கும்’ என்று பாட்டி சொல்லியிருப்பார். புத்தகம் வேறு சொல்லும். உள்ளே செருகிய சீட்டு, முடி, பழைய ரசீது, காய்ந்த பூ எதையும் உருவிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்படி இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். உருவிவிட்டால் அது குப்பை. இருந்த இடத்தோடு பார்த்தால், எந்தத் துயரத்தில் எந்த வரியைத் தேடினார் என்பதற்குச் சாட்சி.

முன் ஏட்டில் பிறப்பு இறப்புத் தேதிகளை எழுதிவைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மையைப் பாருங்கள். ஐந்து பிள்ளைகளின் பிறப்பு பதினைந்து வருடத்தில் நடந்திருக்க, ஐந்து வரியும் ஒரே மையில் ஒரே சாய்வில் இருந்தால், அவை பிறந்தபோது எழுதியவை இல்லை; பின்னாளில் உட்கார்ந்து ஒன்றாகப் படியெடுத்தவை. அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். 1962-இல் அச்சான புத்தகத்தில் 1951 பிறப்பு இருந்தால் அது நிச்சயம் நகல்தான். நகலில் நாளும் மாதமும் பிசகுவது சகஜம். மாறாக, ஒவ்வொரு வரிக்கும் மையும் கையெழுத்தும் மாறிக்கொண்டே வந்து, கடைசி வரி நடுங்கியிருந்தால், அந்த ஏட்டைச் சான்றிதழுக்கு நிகராக நம்பலாம்.

பக்தியைப் பற்றி வாய்விட்டுக் கேட்கும்போதும் பெரிய கேள்வி பலிக்காது. ‘உங்கள் நம்பிக்கை எத்தகையது?’ என்றால் பிரசங்கம்தான் கிடைக்கும். எந்த மூலையில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்வாய், யாருடைய பெயரை முதலில் சொல்வாய், பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது அதற்கு நேரம் எங்கே கிடைத்தது? இந்தக் கடைசிக் கேள்வி தங்கம். கைக்குழந்தையோடு இருந்த வருடங்களில் வழிபாடே நடக்கவில்லை என்று பலர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். சாமியோடு பேசாமல் இருந்த காலம் உண்டா என்பதையும் கேட்கலாம், ஐந்தாவது ஆறாவது அமர்வில், அவராக ஒரு சாவைப் பற்றிப் பேசிய பிறகு. சொல்ல மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும்.

சேவை என்ற பகுதியில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், பாட்டி உட்பட. அவர் தான் செய்ததைத் ‘நான்’ என்று சொல்லவே மாட்டார். ‘நாங்க போனோம்’, ‘கட்டுனாங்க’, ‘அப்புறம் அது நடந்துச்சு’. தமிழில் ‘நாங்க’ என்றாலே கேட்கிறவர் அதில் இல்லை. சரி, இருந்தது யார் யார்? ஒவ்வொரு ‘நாங்க’வுக்கும் பெயர் கேட்டு வாங்குங்கள். ‘கட்டுனாங்க’ என்றால் பணம் வசூலித்தது யார், கணக்கு எழுதியது யார் என்று போய்க்கொண்டே இருங்கள். மூன்றாவது கேள்வியில் ‘வேற யாரு, நான்தான்’ என்று வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம்.

எழுத்துச் சான்றும் வேண்டும். பெண்கள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு, நன்கொடை ரசீதுகளின் அடிக்கட்டை, வழிபாட்டிடத்தின் ஆண்டறிக்கை, இவற்றில் தேடும்போது அவருடைய பெயரை மட்டும் தேடினால் கிடைக்காமல் போகலாம். திருமதி என்ற சொல்லுக்குப் பின்னால் தாத்தாவின் பெயர்தான் இருக்கும். செயலாளர் என்று ஒருவர் கையெழுத்திட்டிருக்க, ஏடு முழுவதும் பாட்டியின் கையெழுத்தாக இருக்கலாம். வீட்டுக் கணக்கு நோட்டை அருகில் வைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எண்களில் ஆசை வைக்காதீர்கள். வாரம் ஒரு நாள், 20 வருடம், ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று பெருக்கினால் மூவாயிரம் வீடுகள் வந்துவிடும். பிரசவம், மழை, சண்டை, காய்ச்சல் எதுவும் அந்தப் பெருக்கலில் இல்லை. ‘வெள்ளிக்கிழமைகளில், மூத்த மகள் பள்ளி சேர்ந்த வருடத்திலிருந்து கண் அறுவை சிகிச்சைவரை’ என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது, படிக்கவும் நன்றாக இருக்கும். உதவி பெற்றவர்களின் பெயரை அச்சில் ஏற்றவே ஏற்றாதீர்கள். யாருக்குக் கடன் தீர்த்தார், யார் வீட்டு நோயாளியைப் பார்த்தார் என்பதை அவர் ரகசியமாக வைத்திருந்தால், அந்த ரகசியமும் அவர் செய்த சேவையில் சேர்ந்ததுதான். அவருடைய பேத்தி புகழ்ந்து எழுதும் சாக்கில் அதை உடைப்பது அநியாயம்.

பேச்சை எழுத்தாக்கும் வேலைக்கு, ஒரு மணி நேரப் பதிவுக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். வட்டாரப் பேச்சு நிறைய இருந்தால் இன்னும் கூடும். முதலில் அப்படியே எழுத வேண்டும், மெருகேற்றுவது பிறகு. ஏன் என்பதற்கு ஒரு மாதிரி. பாட்டி இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்:

“ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவத் தட்டுவாங்க. லாந்தரை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வெந்நி போட்டு வைங்கன்னு சொல்லிட்டுப் போவேன்.”

அவசரக்காரர் இதை ‘பாட்டி நள்ளிரவிலும் தன்னலம் பாராது பிரசவம் பார்க்க ஓடோடிச் செல்வார்’ என்று ஆக்கிவிடுவார். லாந்தர் போயிற்று, கதவு போயிற்று, தாத்தா போயே போய்விட்டார். அப்படியே எழுதிவைத்தவர் கடைசி வரியில் இடறுவார்: வெந்நி யாருக்கு? பிரசவ வீட்டுக்கு என்றால் இங்கே ஏன் போட வேண்டும்? அடுத்த வாரம் கேட்டால் தெரியும், திரும்பி வந்து பாட்டி குளிப்பதற்கு. அப்படியானால் அந்த இரவுகளில் இன்னொருவரும் தூங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் ஆறினால் மறுபடி சூடாக்கி, விடியும்வரை ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாத தாத்தாவுக்கு இந்தச் சேவையில் என்ன பங்கு என்று இப்போதுதான் தெரிகிறது. ‘ஓடோடி’ என்ற சொல்லால் இது கிடைக்காது.

சின்ன அத்தை ஒன்று சொல்ல, பெரியப்பா வேறு சொன்னால், சமரசம் செய்து நடுவில் ஒன்றை எழுத வேண்டாம். இருவர் சொன்னதையும் சொன்னவர் பெயரோடு போடுங்கள். மூத்த பிள்ளைக்குத் தெரிந்த இளம் தாயும், கடைக்குட்டிக்குத் தெரிந்த நரைத்த தாயும் ஒரே மாதிரி நடந்திருக்க மாட்டார்கள்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. சிறிய படம் என்றால் ஸ்கேனரின் டிபிஐ-யை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவை, கூட்ட வேண்டும். 35-க்கு 45 மி.மீ. பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐ-யில் எடுத்தால் அச்சில் ஐந்தரைக்கு ஏழு அங்குலம்வரை தெளிவாக விரிக்கலாம். 300-இல் எடுத்தால் அதே தபால்தலை அளவுதான். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே எடுங்கள். பின்பக்கம் பெயர் எழுதப் பால்பாயின்ட் பேனா கூடாது, அழுத்தம் முன்பக்கம் தடிப்பாகத் தெரியும். மெல்லிய பென்சில் போதும். பழைய ஒலிநாடாவில் அவர் பாடியது இருந்தால், டேப் ரெக்கார்டரில் போடும் முன் மேல் விளிம்பின் இரண்டு சிறு தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. எல்லாவற்றுக்கும் மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில்.

பாட்டி இறந்துவிட்டார் என்றால் வேலை வேறு வரிசையில் நடக்க வேண்டும். அலமாரியை யாரும் ஒதுக்கும் முன் அறையைப் படம் எடுங்கள், இழுப்பறை இழுப்பறையாக. எது எதன் பக்கத்தில் இருந்தது என்பது ஒரே நாளில் கலைந்துவிடும். போனில் உள்ளதை உடனே அழித்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். குரல் செய்திகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், தொடர்புப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் வீட்டார் யாருக்கும் தெரியாத பெயர்கள் இருந்தால் அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். உறவினர்களில் நன்றாகப் பேசுபவரிடம் முதலில் ஓடாதீர்கள், வயதில் மூத்தவரிடம் போங்கள். பேசுபவர் அடுத்த மாதமும் பேசுவார்.

அச்சுக்குப் போகும் முன், பாட்டி இருந்தால் அவருக்கும், இல்லாவிட்டால் அவருடைய கூடப்பிறந்தவருக்கோ பழைய தோழிக்கோ முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அப்போதும் பதிவு ஓடட்டும். திருத்தம் சொல்லும்போது வரும் கதைகள் கேள்வி கேட்டபோது வந்தவற்றைவிட நன்றாக இருக்கும். எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது; முதலில் வாங்கிப் படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் கண்ணாடி போட்டவர்கள். பின்னட்டைக்கு முன் நாலு பக்கம் வெற்றாக விடுங்கள். புத்தகம் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே சின்ன அத்தை கூப்பிடுவார், அந்தக் கல்யாணம் வைகாசியில் இல்லை, ஆனியில் என்று.